ஒன்ராறியோ ஹைஸ்கூலில் புதிதாகச் சேரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு

ஐந்து வயதில் கனடாவுக்கு வந்த பிள்ளைக்கு இங்குள்ள கல்வி அமைப்பைப் பழக ஒன்பது, பத்து ஆண்டுகள் கிடைக்கின்றன. 16 வயதில் வருபவர் அதே அமைப்பை இரண்டு ஆண்டுக்குள் விளங்கிக்கொண்டு, அதிலேயே பாடங்களை முடித்து, பல்கலைக்கழகத்துக்கோ கொலிஜுக்கோ (தொழில்சார் கல்வி நிறுவனம்) விண்ணப்பிக்கவும் வேண்டும். அதனால் முதல் சில வாரங்களில் உங்களுக்கு எந்தெந்தப் பாடங்கள் தரப்படுகின்றன என்பதுதான் முக்கியம். பாடத் தெரிவுக்கு வழிகாட்டும் கைடன்ஸ் ஆசிரியர் தரும் டைம்டேபிளை அப்படியே வாங்கிப் பையில் வைக்காதீர்கள். அதை வாசிக்கவும், தேவைப்பட்டால் மாற்றிக் கேட்கவும் இந்தக் குறிப்புகள் உதவும். இவை ஒன்ராறியோ மாகாணத்துக்கு உரியவை. கியூபெக்கிலும் அல்பேர்ட்டாவிலும் விதிகள் வேறு.

பதிவுக்குப் போக முன்

நீங்கள் குடியிருக்கும் முகவரிதான் உங்கள் பள்ளியைத் தீர்மானிக்கிறது. பொதுப் பள்ளி வாரியம், கத்தோலிக்கப் பள்ளி வாரியம் இரண்டுக்கும் அரசுதான் பணம் கொடுக்கிறது; ஹைஸ்கூல் மட்டத்தில் கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் கத்தோலிக்கப் பள்ளியில் சேரலாம். சில வாரியங்களில் பள்ளிக்குப் போக முன் வாரியத்தின் வரவேற்பு மையத்தில் நேரம் எடுத்து மதிப்பீடு செய்துகொள்ள வேண்டும். எனவே முதலில் உங்கள் வாரியத்துக்குத் தொலைபேசி எடுத்து எங்கே வரவேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: கடவுச்சீட்டு அல்லது பிறப்புச் சான்றிதழ், குடிவரவுப் பத்திரம் (நிரந்தர வதிவிட உறுதிப் பத்திரம், அகதிக் கோரிக்கைப் பத்திரம் போன்றவை), முகவரிக்குச் சான்றாக வாடகை ஒப்பந்தம், மின்சாரக் கட்டணம், வங்கிக் கடிதம் போன்றவற்றில் இரண்டு, தடுப்பூசிப் பதிவு, கடைசி மூன்று ஆண்டுகளின் பள்ளி அறிக்கைகள். இலங்கையில் சாதாரண தரம் (ஓ/எல்) எழுதியிருந்தால் பரீட்சைப் பெறுபேற்றையும், தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் கட்டாயம் எடுத்து வாருங்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பத்திரங்களை ஊரிலேயே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டால் இங்கே செலவும் அலைச்சலும் மிச்சம்.

பெயரில் கவனம் வேண்டும். தகப்பனின் பெயர் முன்னால் வரும் நம் வழக்கத்தால், கடவுச்சீட்டில் எது குடும்பப் பெயர் என்று பதிவாகியிருக்கிறதோ அதுதான் பள்ளிப் பதிவிலும் வரும். அதே பெயர் பின்னர் டிப்ளோமாவிலும் (ஹைஸ்கூல் முடித்ததற்கான சான்றிதழ்) பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் ஓடும். எழுத்துப் பிழை இருந்தால் அன்றே திருத்துங்கள். படிவத்தில் விரும்பும் பெயர் என்றொரு கட்டம் இருந்தால், வகுப்பில் உங்களை எப்படி அழைக்க வேண்டும் என்பதை அதில் எழுதலாம்.

குடிவரவு நிலை தெளிவாகாமல் இருக்கும் குடும்பங்கள் பயந்து பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டியதில்லை. பெற்றோரோ பிள்ளையோ சட்டப்படியான அனுமதியின்றி நாட்டில் இருக்கிறார்கள் என்ற காரணத்துக்காக 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பள்ளி மறுக்கக் கூடாது என்று ஒன்ராறியோ கல்விச் சட்டத்தின் 49.1ஆம் பிரிவு சொல்கிறது. வாசலில் திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லுங்கள், அல்லது ஒரு குடியேற்ற உதவியாளரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

தடுப்பூசி: ஊர் அட்டையில் இருக்காதவை

பள்ளி மாணவர்களுக்கு ஒன்ராறியோ கேட்பவை தொண்டைக்கரப்பான், ஏற்புவலி, குக்கல், போலியோ, சின்னமுத்து (தட்டம்மை), கூவைக்கட்டு (பொன்னுக்குவீங்கி), ருபெல்லா, மெனிங்கோகொக்கல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள். 2010இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குச் சின்னம்மைத் தடுப்பூசியும் வேண்டும். இலங்கை அரசு அட்டவணையில் மெனிங்கோகொக்கலும் சின்னம்மையும் இல்லை. இந்திய அரசுத் திட்டத்தில் இவற்றோடு கூவைக்கட்டும் இல்லை, அங்கே போடப்படுவது சின்னமுத்தும் ருபெல்லாவும் மட்டும். இங்குள்ள பிள்ளைகளுக்கு மெனிங்கோகொக்கல் ஊசி கிரேட் 7இல் பள்ளியிலேயே போடப்படுகிறது. அந்த வயதைத் தாண்டி வந்தவர்களுக்கு அது தவறிப்போகும்.

பலர் சிக்குவது ஊசி போட்ட பிறகுதான். குடும்ப வைத்தியர் ஊசி போட்டால் அந்தத் தகவல் தானாகவே பொதுச் சுகாதாரப் பிரிவுக்குப் போய்விடும் என்று நினைத்துவிடுகிறார்கள். போகாது. பெற்றோர்தான் தங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு இணையம் வழியாகவோ தொலைபேசியிலோ அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் எச்சரிக்கைக் கடிதங்களுக்குப் பிறகு 20 பாடசாலை நாட்கள் வரை இடைநிறுத்தம் வரலாம். புதிதாக வந்த பிள்ளைக்கு 20 நாள் வகுப்பை இழப்பது பெரிய அடி.

மதிப்பீட்டு நாள்

ஆங்கிலத்தில் வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றையும் சோதிப்பார்கள். கணிதத்துக்குத் தனி மதிப்பீடு உண்டு. சில இடங்களில் தாய்மொழியிலும் ஒரு பத்தி எழுதச் சொல்வார்கள். தமிழ்தானே என்று இரண்டு வரி கிறுக்கிவிட்டு எழும்பாதீர்கள். உங்கள் வயதுக்கு ஏற்ற எழுத்தும் வாசிப்பும் தாய்மொழியில் இருக்கிறதா என்பதை அந்தப் பத்தியை வைத்துத்தான் பார்ப்பார்கள். இருந்தால் ஈஎஸ்எல், அதாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் வகுப்பு. இடப்பெயர்வாலோ வேறு காரணத்தாலோ படிப்பு இடையில் நின்று, அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டியிருந்தால் ஈஎல்டி, அதாவது ஆங்கில எழுத்தறிவை வளர்க்கும் வகுப்பு. ஈஎல்டி உண்மையில் தேவைப்படுபவருக்கு நல்ல வகுப்பு. தேவையில்லாதவர் அதில் போய் இருந்தால் ஓர் ஆண்டு வீணாகும்.

பேச்சுச் சோதனையில் கூச்சப்பட்டு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் உங்கள் மட்டத்தைக் குறைத்துத்தான் போடுவார்கள். இலக்கணம் பிழைத்தாலும் முழு வசனமாகப் பேசுங்கள். கணிதத்தில் கேள்வியின் ஆங்கிலம் விளங்காவிட்டால் அந்தச் சொல்லுக்கு விளக்கம் கேளுங்கள். கணக்கு தெரிந்தும் வெற்றுத்தாள் கொடுத்து வருவதுதான் நாம் அதிகம் காணும் தவறு.

கிரேட் வேறு, கிரெடிட் வேறு

உங்கள் கிரேட்டைப் பெரும்பாலும் பிறந்த ஆண்டுதான் முடிவு செய்கிறது. ஒரு நாட்காட்டி ஆண்டுக்குள் 14 வயது நிறைபவர் அந்த செப்டெம்பரில் கிரேட் 9. ஆகவே சாதாரண தரம் எழுதிவிட்டு 16 வயதில் வருபவர் கிரேட் 11இல் இருப்பார். ஆனால் டிப்ளோமா கிரேட்டை எண்ணித் தருவதில்லை, 30 கிரெடிட்டை எண்ணித்தான் தருகிறார்கள். 110 மணி நேரப் பாடம் ஒன்றை முடித்தால் ஒரு கிரெடிட். ஊரில் படித்த ஆண்டுகளுக்கு ஈடாக எத்தனை கிரெடிட் என்பதை அதிபர் முடிவு செய்வார். பள்ளி அறிக்கைகளை எடுத்து வரச் சொல்வது இதற்காகத்தான்: தாள் இல்லாவிட்டால் அவரால் எதையும் எண்ண முடியாது.

2024 செப்டெம்பரிலும் அதன் பின்னும் கிரேட் 9 தொடங்கியவர்களுக்கு 30இல் 17 கட்டாயப் பாடங்கள்: ஆங்கிலம் 4, கணிதம் 3, விஞ்ஞானம் 2, தொழில்நுட்பம், கனடிய வரலாறு, கனடியப் புவியியல், கலை, உடற்கல்வி, பிரெஞ்சு தலா ஒன்று, குடியியலும் தொழில் வழிகாட்டலும் சேர்ந்து ஒன்று, விஞ்ஞான தொழில்நுட்பத் துறைகள் சார்ந்த இன்னொன்று. அதற்கு முன் தொடங்கிய தொகுதிக்கு 18. எந்தத் தொகுதியில் உங்களை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாமல் கிரேட் 11இல் வந்தவர் தலையில் கைவைக்க வேண்டாம்: மூன்று கட்டாய கிரெடிட் வரை வேறு கட்டாயப் பாடத் தொகுதிகளிலிருந்து மாற்றித் தர அதிபருக்கு அதிகாரம் உண்டு. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இவற்றோடு 40 மணி நேர சமூகப் பணி வேண்டும். பிந்தி வந்தவர்களுக்கு அதை எவ்வளவு குறைப்பது என்பதையும் அதிபர் தீர்மானிப்பார். நூலகம், உணவு வங்கி, வார இறுதித் தமிழ்ப் பள்ளி, கோயில் அன்னதானம் எல்லாம் வழக்கமான இடங்கள். செய்யத் தொடங்கும் முன்னரே இது கணக்கில் வருமா என்று கைடன்ஸில் கேளுங்கள். வீட்டு வேலையும் தம்பி தங்கையைப் பார்ப்பதும் கணக்கில் வரா. ஒவ்வொரு முறையும் படிவத்தில் கையொப்பம் வாங்கிவிடுங்கள், ஆறு மாதம் கழித்து அந்தப் பொறுப்பாளரைத் தேடிப் பிடிப்பது கடினம்.

பாடக் குறியீட்டை வாசிப்பது

டைம்டேபிளில் எம்டிஎச்1டபிள்யூ, எம்சிஆர்3யூ, ஈஎன்ஜி4யூ என்றெல்லாம் இருக்கும். முதல் மூன்று எழுத்துகள் பாடம். நடுவிலுள்ள இலக்கம் கிரேட்: 1 என்றால் கிரேட் 9, 4 என்றால் கிரேட் 12. அதற்கு அடுத்த எழுத்துதான் உங்கள் எதிர்காலத்தைத் தொடுவது. கிரேட் 9இல் பெரும்பாலும் எல்லாரும் ஒரே ‘டபிள்யூ’ வகுப்பில் இருப்பார்கள். கிரேட் 10இல் ‘டி’ கல்வி சார்ந்தது, ‘பி’ செயல்முறை சார்ந்தது. கிரேட் 11, 12இல் ‘யூ’ பல்கலைக்கழகத்துக்கு, ‘சி’ கொலிஜுக்கு, ‘எம்’ இரண்டுக்கும், ‘ஈ’ நேரே வேலைக்கு. ‘ஓ’ யாரும் எடுக்கலாம்.

ஆங்கிலம் பலவீனம் என்பதால் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ‘பி’யோ ‘சி’யோ தந்துவிடும் நிலைமை அடிக்கடி நடக்கிறது. அன்போடுதான் செய்கிறார்கள், பிள்ளை கஷ்டப்படக் கூடாது என்று. ஆனால் கணிதத்தில் படிகள் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை: எம்பிஎம்2டி முடித்தால் எம்சிஆர்3யூ, அதன் பின் எம்எச்எஃப்4யூ, அதோடு அல்லது அதற்குப் பிறகு நுண்கணிதம் எம்சிவி4யூ. பொறியியலுக்குக் கடைசிப் பாடம் வேண்டும். எஸ்என்சி2டி விஞ்ஞானம் இல்லாமல் கிரேட் 11 ‘யூ’ இரசாயனவியலுக்கோ பௌதிகவியலுக்கோ போக முடியாது. கிரேட் 11 இல்லாமல் கிரேட் 12க்கும் போக முடியாது. ஊரில் படித்ததைக் காட்டினால் ஒரு முன்தேவைப் பாடத்தை அதிபர் விலக்கலாம். ஈஎஸ்எல்லில் இருந்துகொண்டே ‘யூ’ கணிதம் எடுக்கத் தடை எதுவும் இல்லை. பாடம் மாற்ற வேண்டுமென்றால் செமெஸ்டர் (அரையாண்டு) தொடங்கி முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் கேளுங்கள். கிரேட் 11, 12 பாடங்களில் இடைக்கால அறிக்கை வந்து ஐந்து பாட நாட்களுக்குப் பிறகு விலகினால், விலகியதும் அப்போதைய புள்ளியும் டிரான்ஸ்கிரிப்டில் (புள்ளிப் பதிவேட்டில்) பதிவாகிவிடும்.

ஆங்கிலத்துக்கான கணக்கு

ஈஎஸ்எல் ஐந்து படிகள், ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை. நான்கு கட்டாய ஆங்கிலக் கிரெடிட்டில் மூன்றை ஈஎஸ்எல்லாலேயே நிரப்பலாம். நான்காவது கிரேட் 12 ஆங்கிலமாக இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் கேட்பது ஈஎன்ஜி4யூ.

இனி விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். கிரேட் 11 செப்டெம்பரில் ஈஎஸ்எல் ‘பி’யில் சேர்பவருக்கு ‘பி’, ‘சி’, ‘டி’, ‘ஈ’, பெரும்பாலும் ஒரு கிரேட் 11 ஆங்கிலம், பிறகு ஈஎன்ஜி4யூ என ஆறு பாடங்கள். கையில் இருப்பது நான்கு செமெஸ்டர். இரண்டு பாடங்களுக்கு இடமில்லை. இதைக் கிரேட் 12 நடுவில் கண்டுபிடிப்பவர்கள் உடைந்துபோகிறார்கள். முதல் மாதத்திலேயே கண்டுபிடிப்பவர்களுக்கு வழிகள் இருக்கின்றன. ஜூலையில் கோடைப் பள்ளியில் ஒரு முழுக் கிரெடிட் எடுக்கலாம், சில பள்ளிகளில் ஒரே செமெஸ்டரில் இரண்டு ஈஎஸ்எல் எடுக்கலாம், நன்றாகச் செய்பவர் ஒரு படியைத் தாண்ட ஆசிரியரின் பரிந்துரை கேட்கலாம். கிரேட் 12க்குப் பின் ஐந்தாவது ஆண்டும் ஹைஸ்கூலில் இருக்கலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை: 21 வயது வரை ஹைஸ்கூலில் படிக்க இடமுண்டு, இங்கு பிறந்த பிள்ளைகளும் புள்ளியைக் கூட்ட ஐந்தாம் ஆண்டு இருக்கிறார்கள். அவசரப்பட்டு 60 புள்ளியோடு முடிப்பதை விட ஓர் ஆண்டு பொறுத்து 80க்கு மேல் எடுப்பது நல்லது என்பதே எங்கள் கருத்து.

கிரேட் 10இல், டிப்ளோமாவுக்குத் தேவையான மாகாண எழுத்தறிவுத் தேர்வு வரும். 400க்கு 300 எடுத்தால் சித்தி. ஈஎஸ்எல் ஆரம்பப் படிகளில் இருப்பவர்கள் அதைப் பிற்போடலாம். ஆசிரியரிடம் கேட்டு ஒத்திவைப்பதே புத்தி. தவறினால் மீண்டும் எழுதலாம், அல்லது ஓஎல்சி4ஓ என்ற பாடத்தை எடுத்து அந்தத் தேவையை நிறைவு செய்யலாம்.

தமிழையும் கிரெடிட்டாக எடுக்கலாம். ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் சில வாரியங்கள் சனிக்கிழமைகளில் தமிழ் கிரெடிட் வகுப்பு நடத்துகின்றன. எல்லாப் பாடமும் கழுத்தை நெரிக்கும் முதல் ஆண்டில், தன் முழு அறிவையும் காட்டக்கூடிய ஒரு வகுப்பு பிள்ளைக்குத் தெம்பு தரும்.

புள்ளி எப்படிச் சேர்கிறது

ஒரு பாடத்தின் இறுதிப் புள்ளியில் 70 விழுக்காடு செமெஸ்டர் முழுவதும் செய்யும் வேலைகளுக்கு. கடைசிப் பரீட்சைக்கும் இறுதிச் செயற்றிட்டத்துக்கும் சேர்த்து 30 மட்டுமே. ஆண்டிறுதிச் சோதனையில் பாய்ந்து பிடிக்கும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே எடுபடாது. செப்டெம்பர் இரண்டாம் வாரத்து அசைன்மென்டைக் கொடுக்காமல் விட்டவர் ஜனவரியில் அதற்கு விலை கொடுப்பார். சித்திக்கு 50 போதும். மாகாணம் தரமாக எதிர்பார்ப்பது 70க்கு மேல்.

புள்ளி நான்கு வகையாகப் பிரியும்: அறிவு, சிந்தனை, தொடர்பாடல், பிரயோகம். கணிதத்தில் விடை சரியாக இருந்தும் புள்ளி குறைவது தொடர்பாடலில்தான். மனதில் கணக்குப் போடும் திறமையுள்ள நம் பிள்ளைகள் படிகளை விழுங்கிவிடுகிறார்கள். எடுத்த சூத்திரம், பிரதியிட்டது, அலகு, கடைசியில் விடையைச் சொல்லும் ஒரு முழு வசனம் ஆகிய நான்கையும் எழுதுங்கள்.

புத்தகத்திலோ இணையத்திலோ உள்ள பந்தியை மனனம் செய்தோ பார்த்தோ அப்படியே எழுதுவது ஊரில் பாராட்டப்பட்டிருக்கலாம். இங்கே அது களவு, பூச்சியம் விழும். எடுத்த இடத்தைக் குறிப்பிட்டு, விடயத்தை உங்கள் சொல்லில் எழுத வேண்டும். ஆங்கிலம் பிழையாக இருந்தாலும் சொந்த வசனத்துக்குப் புள்ளி உண்டு.

ஆசிரியரைத் தேடிப் போவது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். “கேன் ஐ கெட் எக்ஸ்ட்ரா ஹெல்ப் அட் லஞ்ச்?” என்று கேட்டால் பெரும்பாலானோர் நேரம் ஒதுக்குவார்கள். வாய் திறக்காத பிள்ளைக்கு எல்லாம் விளங்குகிறது என்றே ஆசிரியர் எடுத்துக்கொள்வார்.

அன்றாட விடயங்கள்

பெரும்பாலான பள்ளிகளில் ஒரு செமெஸ்டருக்கு நான்கு பாடங்கள், ஒவ்வொன்றும் சுமார் 75 நிமிடம். முதல் செமெஸ்டர் ஜனவரிக் கடைசி வரை, இரண்டாவது ஜூன் வரை. பாடத்துக்குப் பாடம் நீங்கள்தான் அறை மாற வேண்டும், ஆசிரியர் வரமாட்டார். முதல் நாளுக்கு முன் அனுமதி கேட்டுப் பள்ளிக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள்.

லொக்கர் பூட்டு பலரை முதல் நாளே தாமதமாக்கும். வலப்பக்கமாக மூன்று முழுச் சுற்றுச் சுற்றி முதல் எண்ணில் நிறுத்துங்கள். இடப்பக்கமாக முதல் எண்ணை ஒருமுறை தாண்டிச் சென்று இரண்டாம் எண்ணில் நிறுத்துங்கள். மீண்டும் வலப்பக்கமாக நேரே மூன்றாம் எண்ணுக்குப் போய் இழுங்கள். வீட்டில் பத்து முறை பழகினால் போதும்.

கைத்தொலைபேசியை வகுப்பு நேரத்தில் ஆசிரியர் சொன்னாலொழிய எடுக்கக் கூடாது; 2024 செப்டெம்பரிலிருந்து மாகாணம் முழுவதும் இதே விதி. மொழிபெயர்ப்புக்குத் தேவை என்றால் ஆசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். 13 முதல் 19 வயதினர் ரீரீசி (ரொறன்ரோ நகரப் போக்குவரத்து) பஸ்ஸில் இளையோர் கட்டணம் பெற, பிரெஸ்டோ பயண அட்டையில் வயதைப் பதிந்துகொள்ள வேண்டும். சும்மா வாங்கிய அட்டையில் வளர்ந்தவருக்குரிய கட்டணமே கழியும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வைத்தியரிடமும் வழக்கறிஞரிடமும் மொழிபெயர்க்கப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து மறிக்காதீர்கள். ஆசிரியர் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளரைப் பள்ளியிடமே கேட்கலாம். பல பள்ளிகளில் மத்திய அரசின் நிதியில் இயங்கும் குடியேற்ற உதவியாளர் ஒருவர் இருப்பார், அலுவலகத்தில் ‘ஸ்விஸ் வேர்க்கர்’ என்று கேட்டால் காட்டுவார்கள். அவருடைய உதவி இலவசம்.

உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பவர்களில் இங்கு பிறந்த தமிழ்ப் பிள்ளைகளும் இருப்பார்கள். அது அதிகம் வலிக்கும். தொடர்ந்தால் நாள், இடம், சொன்ன சொல் ஆகியவற்றைக் குறித்து உதவி அதிபரிடம் கொடுங்கள். கழகங்களுக்கும் விளையாட்டு அணிகளுக்கும் ஆள் எடுப்பது பெரும்பாலும் செப்டெம்பரிலேயே தொடங்கிவிடும். காலை அறிவிப்பைக் கவனியுங்கள். மனம் தாங்காத இரவுகளில் கிட்ஸ் ஹெல்ப் ஃபோன் 1-800-668-6868 எந்நேரமும் திறந்திருக்கும்.

கிரேட் 12இல்

பல்கலைக்கழகத்துக்கு ஆறு ‘யூ’ அல்லது ‘எம்’ பாடங்கள் வேண்டும். விண்ணப்பங்கள் ஜனவரி நடுப்பகுதிக்குள் போக வேண்டும். கனடாவில் படித்த ஆண்டுகள் குறைவு என்றால் பல பல்கலைக்கழகங்கள் ஈஎன்ஜி4யூவுக்கு மேலாக ஒரு ஆங்கிலத் திறன் தேர்வும் கேட்கும். எத்தனை ஆண்டு என்பது இடத்துக்கு இடம் மாறும், ஆகவே கிரேட் 11 முடியும்போதே நீங்கள் விரும்பும் ஒவ்வொரு இடத்தின் விதியையும் பாருங்கள். மாகாண மாணவர் நிதியுதவியான ஓசாப் குடியுரிமையாளர், நிரந்தர வதிவிடம் பெற்றவர், அகதியாக ஏற்கப்பட்டவர் ஆகியோருக்குக் கிடைக்கும். கோரிக்கை இன்னும் முடிவாகாதவர்களுக்குக் கிடைக்காது, கட்டணமும் வெளிநாட்டு மாணவர் கணக்கில் வரக்கூடும். வழக்கு நிலுவையில் உள்ள குடும்பங்கள் கிரேட் 12 தொடங்கும்போதே இதை வழக்கறிஞரோடும் கைடன்ஸ் ஆசிரியரோடும் பேசி, ஐந்தாம் ஆண்டு இருப்பதா, விண்ணப்பித்துவிட்டு அனுமதியை ஓராண்டு பிற்போடக் கேட்பதா என்று முடிவெடுக்கலாம்.